கலிபோர்னியா பக்வீட் புதரை விதையிலிருந்து வளர்த்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட பாறைச் சரிவுகளில் யாருடைய பராமரிப்பும் இன்றிச் செழிக்கும் இப்புதர், வீட்டுத் தோட்டத்துக்கு வந்ததும் முதல் கோடையிலேயே பட்டுப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குன்றுச் சரிவொன்றின் மீள்நடவுப் பணியில் புதியவர்களோடு சேர்ந்து நட்டபோதும், நண்பர்களின் வீடுகளுக்குச் சென்று பட்டுப்போன செடிகளைத் தோண்டிப் பார்த்தபோதும், பெரும்பாலான இழப்புகளுக்கு அடிப்படை ஒன்றே என்று தெரிந்தது. இச்செடி குளிர்ந்த மழைக்காலத்தில் வேர்விட்டு வளர்ந்து, கோடையின் வறட்சியில் பெரிதும் அடங்கியிருக்கும் இயல்புடையது. நாமோ அதைக் கோடையில் ஊட்டி வளர்க்க முயல்கிறோம். கீழ்வரும் படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளது. ஆகவே வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. எந்தச் செடி என்பதை முதலில் உறுதிசெய்தல்

நாம் பேசுவது எரியோகோனம் ஃபாசிகுலேட்டம் என்னும் பல்லாண்டுப் புதரைப் பற்றி. விதைக்கடைகளில் பக்வீட் என்ற பெயரில் மலிவாக மூட்டைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் ஃபேகோபைரம் எஸ்குலென்டம், அதாவது மாவுக்காகவும் பசுந்தாள் உரத்துக்காகவும் விளைவிக்கப்படும் ஓராண்டுப் பயிர். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் வளர்ப்பு முறையில் எந்த ஒற்றுமையும் இல்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஒரே பருவத்தில் பூத்து மடிந்துவிட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. உறையில் தாவரவியல் பெயர் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

அடுத்து, இச்செடியில் நான்கு உட்பிரிவுகள் உள்ளன என்பதைக் கவனிக்க வேண்டும். கடலோரச் சரிவுகளில் வளர்வது ஃபாசிகுலேட்டம். அதன் இலை பச்சையாகவும் மேற்புறம் ஏறக்குறைய மயிரின்றியும் இருக்கும். உள்நாட்டுக் குன்றுகளில் பரவலாகக் காணப்படுவது ஃபோலியோலோசம். மலைகளின் பாலைவன ஓரங்களில் சாம்பல் நிறம் படர்ந்து நிற்பது பாலிஃபோலியம். பாலைவனத்துக்கு உரியது ஃப்ளாவோவிரிடே. கடலோர வகையைக் கடலிலிருந்து தொலைவிலுள்ள ரிவர்சைடு பகுதியில் நட்டால் கோடைவெப்பத்தில் திணறும். பாலைவன வகையைக் கடற்பனி படியும் இடத்தில் நட்டால் ஈரத்தில் நலியும். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள குன்றில் எந்த வகை நிற்கிறதோ, அந்த வகையைத் தேடுவதே பாதுகாப்பானது.

குறுகிய இடத்துக்கு, இயற்கை வகையைவிடத் தாழ்ந்து படரும் தேர்வு வகைகள் நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கின்றன. தியோடோர் பெய்ன், வாரினர் லைட்டில் ஆகிய இரண்டும் தரையை மூடிப் படர்பவை. டானா பாயின்ட் சற்று உயர்ந்து அடர்ந்து வளரும். இவை குச்சியிலிருந்து பெருக்கப்படுபவை. இவற்றின் விதையை முளைக்க வைத்தால் வரும் செடி தாய்ச்செடியைப் போலவே படரும் என்ற உறுதி இல்லை.

இச்செடியை எங்கே நடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எல் செகுண்டோ நீலப் பட்டாம்பூச்சி 1976 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அழிநிலை உயிரினப் பட்டியலில் உள்ளது. அதன் புழுக்கள் எரியோகோனம் பார்விஃபோலியம் என்னும் கடலோரப் பக்வீட்டின் பூக்களைத் தின்றே வாழ்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டிய மணல்மேடுகளில், மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக 1970களில் நம் செடியின் விதையைத் தூவினார்கள். இது கடலோரப் பக்வீட்டைவிட முன்னதாகப் பூப்பதால், அப்பட்டாம்பூச்சியோடு உணவுக்குப் போட்டியிடும் வேறு பூச்சிகளின் புழுக்கள் முன்கூட்டியே பெருகின. பின்னாளில் மீட்புப் பணியின்போது இச்செடிகளை அகற்ற வேண்டியதாயிற்று. மண்ணுக்குரிய செடி என்பது மாநிலத்தின் பெயரால் முடிவாவதில்லை. அந்தக் குன்று, அந்த மணல்மேடு என்ற அளவில் பார்க்க வேண்டியது. நீங்கள் வாழ்வது அந்தக் கடற்கரைப் பகுதியாக இருந்தால் கடலோரப் பக்வீட்டையே நடுங்கள்.

2. வேலைகளின் காலவரிசை

விதை சேகரிப்பு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. விதைப்பு அக்டோபர் பிற்பாதி முதல் டிசம்பர் வரை. நாற்றைத் தொட்டிக்கு மாற்றுவது குளிர்காலத்தின் நடுவில். நிலத்தில் நடுவது அடுத்த ஆண்டு நவம்பரில், முதல் நல்ல மழையை ஒட்டி. நாற்றுப்பண்ணையில் செடி வாங்குபவர்களுக்கும் நடவுக்காலம் நவம்பர் முதல் ஜனவரி வரைதான்.

ஏப்ரல், மே மாதங்களில் பூக்கத் தொடங்கிய செடியைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி உடனே நடுவது மிகப் பரவலான தவறு. அப்போது நட்ட செடி வேரை ஆழமாகச் செலுத்தும் முன் வெயில் வந்துவிடும்; அதைக் காப்பாற்ற அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டிவரும்; அந்தத் தண்ணீரே வேரை அழுகச் செய்யும். வசந்தத்தில் வாங்கிவிட்டீர்கள் என்றால் தொட்டியிலேயே காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்திருந்து, மழைக்காலம் தொடங்கியதும் நடுங்கள்.

3. இடத்தைத் தேர்ந்து வடிகாலைச் சோதித்தல்

நாள் முழுவதும் வெயில் படும் இடம் வேண்டும். தெற்கு அல்லது மேற்கு நோக்கிய சரிவு மிகப் பொருத்தம். நிழலில் நட்டால் கிளைகள் நீண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாயும், பூவும் குறையும். இயல்பான செடி 2 முதல் 4 அடி உயரமும் 4 முதல் 6 அடி அகலமும் பரவும் என்பதால், வாங்கும்போது உள்ளங்கையளவே இருந்தாலும் செடிக்குச் செடி 4 அல்லது 5 அடி விடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 5 அடிக்குள் எந்தப் புதரையும் நட வேண்டாம். இப்புதரின் உட்கிளைகள் வயதாக ஆக உலர்ந்த குச்சிகளாகி நிற்கும். காட்டுத்தீயின்போது பறந்து வரும் தணல் அதில் பற்றினால் சுவருக்குத் தாவ நேரமாகாது.

வடிகாலைச் சோதிக்க, ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் கொண்ட குழி தோண்டி, தண்ணீரை நிரப்பி வடியவிடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் அப்படியே நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் தேங்கி நின்றால் அது கெட்டிக் களிமண். அங்கே மேடு அமைத்தே நட வேண்டும். முதல் முறை ஊற்றிய தண்ணீரைக் கணக்கில் கொள்ளாததற்குக் காரணம், காய்ந்த மண் அதை உறிஞ்சிக்கொள்வதால் வடிகால் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பதே.

மேட்டை அதே இடத்து மண்ணால், 12 முதல் 18 அங்குல உயரத்துக்கு, அகலமாகச் சரித்து அமையுங்கள். பை மண்ணும் மக்கும் கலந்து மேடு கட்டுபவர்கள் உண்டு. மக்கு ஓரிரு ஆண்டுகளில் சிதைந்து மேடு அமுங்கிவிடும். செடியின் வேர்க்கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், பள்ளத்தில் இறங்கி, தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கும். தொழு உரம், மண்புழு உரம், இரசாயன உரம் எதுவும் தேவையில்லை. வளமான மண்ணில் இச்செடி தளதளவென்று வேகமாக வளரும், கிளைகள் பலமின்றிப் பிளந்து சரியும், ஆயுளும் குறையும். நல்லது செய்கிறோம் என்று எண்ணி இடும் ஒரு கூடை எரு இச்செடிக்குச் செய்யும் கேட்டை நம்ப வைப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்திருக்கிறது. நம் ஊர்த் தோட்டப் பழக்கம் அத்தனை ஆழமானது.

4. விதை சேகரித்துச் சுத்தம் செய்தல்

மாநிலப் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றி விதை எடுப்பது சட்டப்படி குற்றம். சொந்த நிலத்திலோ உரிமையாளர் இசைவு தந்த நிலத்திலோ மட்டும் எடுங்கள். அங்கும் ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது, நாளைய நாற்றுகளின் மரபு வேறுபாட்டுக்கும், அந்தக் கொத்துகளை நம்பியிருக்கும் பறவைகளுக்கும் நல்லது.

வெண்மையும் இளஞ்சிவப்புமாய் இருந்த பூக்கொத்து துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறி, கையில் தேய்த்தால் பொலபொலவென்று உதிரும்போது எடுக்க வேண்டும். பழுப்பு இன்னும் இளநிறத்தில் இருக்கும்போதே எடுத்தால் உள்ளே விதை முற்றியிருக்காது. பூவிதழ்கள் காய்ந்து விதையைச் சுற்றி உறைபோல் நிற்கும். அதற்குள் இருப்பது மூன்று பட்டைகளுடைய, 2 மில்லிமீட்டர் அளவிலான பழுப்பு மணி. கொத்துகளைச் சில நாள் காகிதப் பையில் காயவிட்டு, உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்து, சல்லடையில் சலியுங்கள். முறம் இருந்தால் இலேசாகப் புடைக்கலாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை அவசியம். 20 பூக்களைப் பிரித்து, எத்தனையில் கெட்டியான மணி இருக்கிறது என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். பெரும்பகுதி பதராக இருப்பது இச்செடியில் இயல்பு. ஐந்தில் ஒன்றுதான் மணி என்றால், விதைக்கும் அளவை ஐந்து மடங்காக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு குழிக்கு இரண்டு "விதை" போட்டுவிட்டு, முளைப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முழுவதும் சுத்தம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. உமியோடு விதைத்தாலும் முளைக்கும். ஈரம் ஒட்டாமல் காகித உறையில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

5. நாற்றுத் தட்டில் விதைத்தல்

தாழ்நிலப் பகுதி விதைகளுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல், கொதிநீர் ஊற்றுதல், புகைநீரில் ஊறவைத்தல் போன்ற முன்னேற்பாடுகள் தேவையில்லை. வேறு சில கலிபோர்னியச் செடிகளுக்கு அவை வேண்டும் என்பதால் இதற்கும் செய்கிறார்கள். கொதிநீர் விதையைக் கொன்றுவிடும். இதற்கு வேண்டியது குளிர்ந்த இரவும் மிதமான பகலும்தான். ஆகஸ்ட் வெப்பத்தில் விதைத்த தட்டுகளில் முளைப்பு குறைந்து, நாற்றழுகல் மிகுந்ததைக் கண்டிருக்கிறேன்.

நாற்றுக் கலவையில் பாதியளவாவது பெர்லைட் என்னும் இலேசான வெண்துகள் அல்லது பொடித்த பியூமிஸ் கல் இருக்கட்டும். கலவையை முதலில் நனைத்து, வடியவிட்டு, விதையைத் தூவி, கால் அங்குலத்துக்கு மிகாமல் மூடுங்கள். ஆழமாகப் புதைத்தால் இத்தனை சிறிய மணியில் உள்ள சேமிப்பு மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். மேல்மண்ணின் மீது மெல்லிய மணலைப் பரப்பினால் நாற்றின் கழுத்து உலர்ந்தே இருக்கும்.

ஒன்று முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். எல்லாம் ஒரே நாளில் எழுவதில்லை. முதலில் தோன்றும் இரண்டு விதையிலைகள் பிற்பாடு வரும் மெல்லிய இலைகளைப் போல் இருக்காது. ஆகவே களை என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். முளைத்த பிறகு மேல்மண் உலர்ந்து நிறம் வெளுத்த பின்னரே, தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். மேலிருந்து மாலையில் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று, நாற்றின் தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சாயும். சாய்ந்த நாற்றை மீட்க முடியாது. மற்றவற்றைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுவதொன்றே வழி.

6. தொட்டிக்கு மாற்றுதல்

விதையிலைகளுக்குப் பின் இரண்டு முதல் நான்கு உண்மையிலைகள் வந்ததும் மாற்றுங்கள். காத்திருந்தால் வேர் தட்டின் அடியில் சுருண்டுகொள்ளும். அகலமான தொட்டியைவிட ஆழமான குறுகிய தொட்டி ஏற்றது, ஏனெனில் இளம் வேர் நேர்கீழாக இறங்க முயல்கிறது. நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டு நசுங்கினால் பிழைக்காது.

நான்கைந்து அங்குலம் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்து பக்கக்கிளைகள் பிரியும். இந்தக் கிள்ளலைத் தவறவிட்டால் பின்னாளில் கவாத்து செய்து சரிப்படுத்த இடமில்லை; காரணம் கடைசிப் பகுதியில் வரும்.

7. நேரடியாக நிலத்தில் தூவுதல்

பெரிய சரிவுகளுக்கு இதுவே நடைமுறை. மழை தொடங்கும் முன் ஒருமுறை நிலத்தை நனைத்துக் களைகளை முளைக்கவிட்டு, சிறியதாக இருக்கும்போதே மேலாகச் செதுக்கி நீக்குங்கள். இயன்றால் இதை இரண்டு முறை செய்யுங்கள். மத்தியதரைப் பகுதியிலிருந்து வந்து பரவிய ஓராண்டுப் புற்களும் காட்டுக் கடுகும் முதல் மழைக்கே முந்திக்கொண்டு எழுந்து, பக்வீட் நாற்றுக்கு வெளிச்சமும் ஈரமும் இல்லாமல் செய்துவிடும். களை நீக்கிய பின் விதையைத் தூவி, வாரியால் கால் அங்குலம் கிளறி, காலால் மிதித்து மண்ணோடு ஒட்டச் செய்தால் போதும். ஆழமாக உழுதால் அடியில் உறங்கும் களைவிதை மேலே வரும்.

8. நிலத்தில் நடுதல்

ஐந்து கேலன் தொட்டிச் செடியைவிட ஒரு கேலன் தொட்டிச் செடியே சிறந்தது. பெரிய தொட்டியில் நெடுங்காலம் நின்ற வேர் வட்டமிட்டுப் பழகியிருக்கும். சிறியது இரண்டாம் ஆண்டில் அதை எட்டிப்பிடித்துவிடும்.

முதல் நாள் தொட்டியை நன்றாக நனையுங்கள். குழியைத் தொட்டியின் ஆழத்துக்கே, ஆனால் இரண்டு மடங்கு அகலமாகத் தோண்டுங்கள். ஆழம் கூடினால் தளர்ந்த மண் அமுங்கிச் செடி கீழிறங்கும். குழியில் தண்ணீர் நிரப்பி வடிந்த பின், வேர்க்கட்டியை உடைக்காமல் இறக்கி, வேர்க்கழுத்து சுற்றுத்தரையைவிட அரை அங்குலமாவது உயர்ந்து நிற்குமாறு வைத்து, தோண்டிய மண்ணையே நிரப்புங்கள். முயல் நடமாட்டம் இருந்தால் முதல் ஆண்டு முழுவதும் கம்பிவலைக் கூண்டு வேண்டும். இளந்தளிரை ஓரிரவில் கடித்துத் தீர்த்துவிடும்.

செடியைச் சுற்றி அகலமான பாத்தி வரம்பு கட்டுங்கள். சரிவாக இருந்தால் வரம்பு கீழ்ப்புறத்தில் மட்டும் போதும். முதல் கோடை முடிந்ததும் அவ்வரம்பை உடைத்துவிட மறக்கக்கூடாது, இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் அதுவே குளமாக நிற்கும்.

9. தண்ணீர்

நட்ட உடனே பாத்தி நிறைய இரண்டு முறை ஊற்றுங்கள். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுங்கள். முதல் சில வாரங்கள் வேர்க்கட்டியின் மீதே தண்ணீர் விழ வேண்டும். நாற்றுப்பண்ணைக் கலவை பீட் என்னும் மக்கிய பாசி மிகுந்தது. சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும்போதே அது மட்டும் தனியாகக் காய்ந்துவிடும். செடியைச் சுற்றி மண் நனைந்திருக்கிறதே என்று நினைத்து விட்டுவிடுவதால் குளிர்காலத்திலேயே செடி காய்ந்துபோவதுண்டு.

மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாள் மழை இல்லையென்றால் ஊற்றுங்கள். மழை குறைந்த ஆண்டில் ஜனவரி, பிப்ரவரியில் கொடுக்கும் ஆழமான தண்ணீர், ஜூலையில் கொடுக்கும் பத்துத் தண்ணீருக்கு ஈடாகும் என்பது என் அனுபவம். ஏனெனில் வேர் அப்போதுதான் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் முதல் இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், முதல் கோடையில் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் நிறுத்துங்கள். ஒரு முறைக்கு 3 முதல் 5 கேலன் வரை, மெதுவாக, தண்டிலிருந்து தள்ளி, 2 அடி வட்டத்தில் இறங்கட்டும். ஊற்றும் முன் நான்கு அங்குல ஆழத்தில் விரலையோ குச்சியையோ விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். கடும் வெப்ப அலையின் நடுவில் ஊற்றாமல், அது தணிந்த பிறகு அதிகாலையில் ஊற்றுங்கள். சூடான மண்ணும் ஈரமும் சேரும்போதுதான் ஃபைட்டாப்தோரா என்னும் வேரழுகல் நோய்க்கிருமி பெருகுகிறது.

இரண்டாம் கோடையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்பதே அதிகம். மூன்றாம் கோடையில், நன்கு வேர்பிடித்த செடிக்குத் தண்ணீர் தேவையில்லை.

புதியவர்கள் தடுமாறுவது அறிகுறிகளைப் படிப்பதில்தான். கோடையில் உட்புற இலைகள் பழுத்து உதிர்வதும், மற்றவை விளிம்பு சுருண்டு மெலிவதும் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை; அதற்காக ஊற்ற வேண்டாம். மாறாக, மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு கிளை முழுவதும் திடீரென்று வாடித் தொங்கினால் அது வேரழுகல். வாடுகிறதே என்று அப்போது மேலும் ஊற்றுவது இயல்பான தூண்டுதல். அதை அடக்கிக்கொண்டு, தண்ணீரை முற்றிலும் நிறுத்தி, கழுத்தைச் சுற்றியுள்ள மண்ணை விலக்கிக் காயவிடுங்கள். அரிதாகச் சில செடிகள் பிழைக்கும்.

எங்கள் பகுதித் தமிழ் வீடுகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு ஒன்று உண்டு. கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஓடும் சொட்டுநீர்க் குழாயிலேயே இதற்கும் ஒரு முனையைச் செருகிவிடுகிறார்கள். அந்தச் செடிகளுக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். இதற்கு அதே தண்ணீர் நஞ்சு. தனி வால்வு இல்லையென்றால் குடத்தால் ஊற்றுங்கள்.

10. மூடாக்கும் எறும்பும்

சரளைக்கல்லோ உடைந்த பாறைத்துண்டோ இரண்டு அங்குலம் பரப்புவது சிறந்த மூடாக்கு. மரச்சில்லுகள் இருந்தால் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளியே நிறுத்துங்கள். தரையில் சிறிது வெற்றிடமும் விடுங்கள். பூவுக்கு வரும் உள்நாட்டுத் தேனீக்களில் பல மண்ணில்தான் வளை தோண்டுகின்றன.

அர்ஜென்டின எறும்புகள் சொட்டுநீர் ஈரத்தைத் தேடி வந்து வேரடியில் குடியேறி, அசுவினியையும் செதில்பூச்சியையும் காத்து வளர்க்கும். ஈரத்தை நிறுத்தினால் பெரும்பாலும் அவையும் நகர்ந்துவிடும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இலையிலும் பூவிலும் காணும் சிறு புழுக்கள் மெட்டல்மார்க், அக்மன் நீலம் போன்ற பட்டாம்பூச்சிகளுடையதாக இருக்கலாம். அவற்றால் செடிக்குக் கேடில்லை.

11. கவாத்து

துருநிறக் கொத்துகளை இலையுதிர்காலம் முழுவதும் செடியிலேயே விடுங்கள். விதை உதிர்ந்து மழை தொடங்கிய பின், பச்சை இலை உள்ள பகுதிக்குள் மட்டும், மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டலாம். இலையற்ற பழைய மரத்தண்டு வரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் தளிர்ப்பதில்லை. வேலிச்செடிபோல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு ஒரேயடியாக வெட்டி இளமையாக்கலாம் என்று எண்ணித் தரைமட்டத்துக்கு வெட்டியவர்களின் செடிகள் அப்படியே குச்சியாக நின்றுவிட்டன. இளம் வயதிலேயே நுனி கிள்ளச் சொன்னது இதனால்தான்.

நடுப்பகுதி வெறுமையாகிச் சரிந்த முதிய செடியை அகற்றிவிட்டு, அதனடியில் தானாக முளைத்த நாற்றை அதன் இடத்தில் வளரவிடுவது எளிது. இரண்டாம், மூன்றாம் மழைக்காலத்திலிருந்து அவை தென்படும். வேறிடத்துக்கு மாற்ற விரும்பினால் இரண்டு அங்குல உயரத்துக்குள் இருக்கும்போது, மண் நன்கு நனைந்த மேகமூட்டமான நாளில், வேரைச் சுற்றிக் கையளவு மண்ணோடு பெயர்த்து, அன்றைக்கே நட்டுவிடுங்கள்.